சூடு பட்டால் இறக்கை வளரும் அதிசய ஈ!

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பகுதியில், காவிரித் தண்ணீரில் வாழையும் கரும்பும் செழித்து வளர்கின்றன.

அங்கே ஒரு வீட்டில் வாழைத்தார் பழுத்தால் போதும். சின்னஞ்சிறு ஈக்கள் அதைச் சுற்றிப் பறக்கும். அவைதான் பழ ஈக்கள்.

நாம் விரட்டும் இந்த ஈயை, விஞ்ஞானிகள் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கிறார்கள்! மைசூர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. ரவையும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிதான் ஈக்களுக்குச் சாப்பாடு.

10 நாளில் ஈ

முட்டை, புழு, கூடு, ஈ. எல்லாம் 10 நாளில் முடிந்துவிடும். ஆகவே பல தலைமுறைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பதை, இந்த ஈக்களை வைத்தே அமெரிக்க விஞ்ஞானி மார்கன் விளக்கினார். 1933-ல் நோபல் பரிசு பெற்றார்.

மொட்டை இறக்கை

மார்கன் வளர்த்த ஈக்களில் ஒரு வகைக்கு இறக்கை சுருங்கி, மொட்டையாக இருந்தது. அவற்றால் பறக்க முடியாது. இது பரம்பரைக் குறை.

25 டிகிரி வெப்பத்தில் வளர்த்தால் இறக்கை மொட்டைதான். ஆனால், புழுவாக இருக்கும்போது 31 டிகிரி வெப்பத்தில் வைத்தால்?

இறக்கை நீளமாக வளர்கிறது! சில ஈக்களுக்கு ஏறக்குறைய முழு இறக்கையே வந்துவிடுகிறது.

கூட்டை விட்டு ஈ வெளியே வந்த பிறகு சூடு காட்டினால் பயன் இல்லை. காலம் கடந்துவிட்டது!

குறையும் போய்விடவில்லை. அந்த ஈக்களின் குஞ்சுகளை 25 டிகிரியில் வளர்த்தால், மீண்டும் மொட்டை இறக்கைதான்.

மயங்கி விழும் ஈ

சூடு எல்லா ஈக்களுக்கும் நன்மை செய்வதில்லை. வெப்பம் ஏறினால் மயங்கி விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து நடக்கும் ஈக்களும் உண்டு. அவற்றின் நரம்புகளைப் பற்றி மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஒபைத் சித்திகி, அமெரிக்காவின் பென்சருடன் சேர்ந்து 1976-ல் எழுதினார்.

தலையெழுத்தா?

பிறவிக் குறை என்றதும், "தலையெழுத்து" என்று பெற்றோர் கலங்குகிறார்கள். எல்லாக் குறையும் அப்படி அல்ல.

"பீனைல்கீட்டோனூரியா" என்று ஒரு பரம்பரைக் குறை உண்டு. அது உள்ள குழந்தைக்குச் சாதாரண உணவே மூளையைக் கெடுத்துவிடும். பிறந்த சில நாளில் ரத்தம் சோதித்துக் கண்டுபிடித்து, தனி உணவு கொடுத்து வந்தால் மூளை தப்பும். தாமதித்தால், கெட்ட மூளையைச் சீராக்குவது கடினம்.

குறை பரம்பரையாக வரலாம். அது தலைகாட்டுமா, அடங்குமா என்பது சில சமயம் வளர்ப்பில் இருக்கிறது. ஆனால், உரிய காலத்தில் செய்ய வேண்டும்!