விளக்கொளியும் விளைநிலமும்

காடாம்புலியூரின் முந்திரித் தோப்புகளுக்கு நெய்வேலி தொலைவன்று. 1956-ல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலையும் நம் இல்லங்களுக்கு ஒளியும் அளித்தது. இதனை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

ஆயினும் அவ்வொளியின் விலை யாது? நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தமிக்க ஊற்றுநீர் உண்டு. அதனை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கம் தோண்டவியலாது. சுற்றூர்க் கிணறுகள் வறண்டன என்று உழவர் முறையிடுகின்றனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுவாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீதே இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்னரே விலை கொடுத்துப் பெற்றுவிட்டோம் என்றது நிறுவனம். அறுவடைவரை பொறுத்திருக்கலாகாதா?

ஏழை நாடுகளின் மண்ணைப் பாழாக்கிச் செல்லும் அந்நிய நிறுவனங்களை, 2015-ல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் கண்டித்தார். இங்கோ உரிமையாளர் அந்நியரல்லர். பெரும்பங்கு நம் நடுவண் அரசினுடையதே. அதனால் இழந்தவர் துயர் குறைந்துவிடுமா? நாபோத்தின் தோட்டத்தைக் கவர்ந்தவனும் அவனது நாட்டு மன்னனே அன்றோ!

அன்புக் குடும்பங்களே, மாலைச் செபத்திற்கு விளக்கேற்றுகையில் நிலமிழந்தோரை நினைப்போம். அவர்கள் கேட்கும் வேலையும் மறுவாழ்வும் பிச்சையல்ல, நீதி. அக்குரலோடு நம் குரலும் சேரட்டும்.