பரோக் ஆலயத்தின் வண்ணமும் அலங்காரமும்

ஐரோப்பியக் கலை வரலாற்றிலே பரோக் என்னும் பெயரைப் போன்று இகழ்ச்சியிற் பிறந்து புகழ்ச்சியில் வந்து நிலைபெற்ற பெயர்கள் சிலவே. ஒழுங்கான உருண்டை வடிவம் பெறாத முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அப்பெயர் தோன்றிற்று என்பர் அறிஞர் பலர். 17ஆம் நூற்றாண்டிலே தழைத்த அக்கலையை, அடக்கம் அறியாத கலை என்றும், பொன்னையும் வண்ணத்தையும் வாரி இறைத்த கலை என்றும் பின்வந்தோர் பழித்தனர். அவர்தம் பழிப்புக்குப் பெரிதும் இலக்கானவை தேவாலயங்களின் உட்புறங்களே. அப்பழிப்புப் பொருந்துமா என்பதை ஆராய்தற்கு ரோமாபுரியிலுள்ள ‘இல் ஜேசு’ ஆலயத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. யேசு சபையாரின் தலைமை ஆலயம் அதுவே.

அவ்வாலயம் எழுந்த காலம் உருவங்களைப் பற்றிய பெரும் பூசல் நிகழ்ந்த காலமாகும். சீர்திருத்தக் கொள்கையினர் 1524இல் சூரிச் நகரிலும் 1566இல் ஒல்லாந்து முதலிய நாடுகளிலும் ஆலயங்களிலிருந்த உருவங்களை அகற்றினர். பல இடங்களில் உடைத்தும் எறிந்தனர். கத்தோலிக்கத் திருச்சபையோ, திரெந்து நகரிற் கூடிய பொதுச்சங்கத்தின் வாயிலாக, 1563ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இதற்கு விடை கூறிற்று. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவத்தாற் குறிக்கப்படுபவரையே சென்று சேரும் என்பதும், எளிய மக்களுக்கு உருவங்கள் கல்வி புகட்டும் என்பதும் அவ்விடையின் சாரமாகும். ஆகவே வண்ணமும் வடிவமும் அழகுக்காக மட்டும் நின்றவையல்ல. ஒரு கொள்கையின் சார்பிலே சான்று பகர நின்றவை.

இருந்தும், ஜேசு ஆலயம் தொடக்கத்தில் வண்ணமின்றியே இருந்தது. 1568இல் அடிக்கல் நாட்டப்பட்ட இவ்வாலயத்துக்குப் பொருள் உதவியவர் கர்தினால் அலெசாந்திரோ பர்னேசே. வரைபடம் வகுத்தவர் வின்யோலா. அவர் 1573இல் மறைந்தபின் முகப்பையும் குவிமாடத்தையும் நிறைவேற்றியவர் ஜாக்கோமோ தெல்லா போர்த்தா. 1584இல் ஆலயம் அபிடேகம் பெற்றது. பக்கச் சாலைகள் இன்றி ஒரே அகன்ற மண்டபமாகவும், இருமருங்கும் சிற்றாலயங்கள் உடையதாகவும் அஃது அமையவேண்டும் எனக் கர்தினால் வின்யோலாவுக்கு எழுதினார். மேலே கல்வளைவு அமைத்தால் எதிரொலியினாற் பிரசங்கியாரின் குரல் கெடும் எனச் சபையார் அஞ்சினர்; கர்தினாலோ வளைவே வேண்டும் என உறுதியாக நின்றார். அக்காலத்துச் சபையாரின் கவலை செவியைப் பற்றியது, கண்ணைப் பற்றியதன்று என்பது இதனாற் பெறப்படும். ஏறத்தாழ 90 ஆண்டுகள் அவ்வளைவு வெள்ளை பூசிய வெறுஞ்சுவராகவே விளங்கிற்று.

1664இல் சபையின் தலைவரான ஜொவான்னி பவுலோ ஒலிவா இந்நிலையை மாற்ற விரும்பினார். முதுபெருஞ் சிற்பியாகிய பெர்னினி, தம் ஆதரவில் இருந்த ஓர் இளைய ஓவியரை அவருக்குப் பரிந்துரைத்தார். அவரே ஜெனோவா நகரத்தவரான ஜொவான்னி பத்தீஸ்த்தா கவுல்லி. ஜெனோவாவிலுள்ள யேசு சபை ஆலயத்தில் ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. அவற்றின் செழுமையான நிறங்களைக் கண்டு வளர்ந்தவர் கவுல்லி. 1672இல் பணியேற்ற அவர், முதலிற் குவிமாடத்தைத் தீட்டினார். பின்னர் 1676 முதல் 1679 வரை மண்டபத்தின் பெருவிதானத்தைத் தீட்டினார்.

விதானத்தின் பொருள் யேசுவின் திருநாமத்தின் வெற்றியாகும். விண்ணிலும் மண்ணிலும் கீழுலகிலும் உள்ளோர் யாவரும் அந்நாமத்துக்கு முழந்தாளிடுவர் என்னும் பவுலடிகளின் கருத்தே அங்கு ஓவியமாயிற்று. திருநாமத்தின் மூன்றெழுத்துக்கள் ஒளிப்பிழம்பின் நடுவே தோன்றுகின்றன. அங்கு நிறம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. வெண்மை கலந்த மஞ்சள் ஒளி ஒன்றே உளது. அதனைச் சூழ்ந்த தேவதூதர் அவ்வொளியிற் கரைந்தவர்போல் மெல்லிய நிறம் பெறுகின்றனர். அவர்க்குப் புறம்பே முகில்களில் அமர்ந்த அடியார்கள் சிவப்பும் நீலமும் பச்சையுமாகிய முழுநிறங்களைப் பெறுகின்றனர். ஓவியத்தின் கீழோரத்திலோ, ஒளியைத் தாங்கமாட்டாத தீயோர் இருண்ட நிறத்தினராய்த் தலைகீழாக வீழ்கின்றனர். ஒருவர் அந்நாமத்துக்கு எத்துணை அணிமையில் உள்ளார் என்பதை அவர் பெற்ற நிறமே அளந்து காட்டுகின்றது. இலத்தீன் அறியாத எளியவரும் இதனை உணர்தல் கூடும்.

இனி, அலங்காரத்தின் செய்முறை நோக்கத்தக்கது. ஈரம் உலராத சுண்ணச் சாந்தின்மேல் நிறந்தீட்டும் முறையாற் செய்யப்பட்டது ஓவியம். அதனைச் சுற்றிப் பொன் வேய்ந்த சட்டமும், பொன் வேய்ந்த வளைவும் உள. சாளரங்களின் அருகே வெண்சுதைப் பாவைகள் நிற்கின்றன. கவுல்லியின் கருத்துக்கிசைய அவற்றை ஆக்கியோர் அந்தோனியோ ராஜ்ஜி முதலிய சிற்பிகள். தமிழ்நாட்டுக் கோபுரங்களிற் காணப்படும் சுதைவேலைக்கு இனமான தொழிலே இது. ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகிய மூன்றும் தத்தம் எல்லையில் நின்றிருந்தால் இதிற் புதுமை யாதும் இல்லை. கவுல்லியோ ஓவியத்தைச் சட்டத்துக்கு வெளியே வழியவிட்டார். முகில்களும் உருவங்களும் சட்டத்தைக் கடந்து, வளைவின்மேல் நீட்டப்பட்ட சாந்துப் பரப்பிலே தொடர்கின்றன. அவற்றின் நிழல் வளைவிலே வீழ்வதுபோலத் தோன்றும் பொருட்டுப் பொன்வேலையின்மீது ஒரு கருநிற மென்பூச்சையும் தடவினார். பளபளக்கும் பொன்னை மங்கச் செய்த அப்பூச்சே விதானம் திறந்து வானுலகம் உள்ளே இறங்குவது போன்ற தோற்றத்தைத் தருகின்றது. செல்வத்தைக் காட்டுவதே நோக்கமாயின், விலையுயர்ந்த பொன்னின்மேல் எவரேனும் கரி தடவுவரோ?

விதானத்தின் வண்ணம் பூச்சினால் வந்தது. இடப்பக்கத்திலுள்ள இஞ்ஞாசியார் பீடத்தின் வண்ணமோ கல்லிலும் உலோகத்திலும் இயற்கையாய் உள்ளது. சபையைத் தோற்றுவித்தவரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் அப்பீடத்தை, சபையின் சகோதரராகிய அந்திரேயா பொட்சோ 1695 முதல் 1699 வரை அமைத்தார். லாபிஸ் லாசுலி என்னும் கருநீலக்கல் பதித்த நான்கு தூண்கள், அவற்றின்மேற் பொன்முலாம் பூசிய வெண்கலப் பட்டிகள், பச்சைச் சலவைக்கற்கள், வெண்சலவைச் சிற்பங்கள் என யாவும் நடுமாடத்து இஞ்ஞாசியார் திருவுருவத்துக்குப் பின்னணியாய் அமைந்தன. அவ்வுருவத்தைப் பொட்சோ தீட்டிய ஓவியத்திரை ஒன்று மறைத்து நிற்கும். பொறியொன்றின் உதவியால் அத்திரை கீழிறங்கும்போது உருவம் வெளிப்படும். வெள்ளியினாலான பழைய உருவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெப்போலியனுக்குச் செலுத்தவேண்டியிருந்த பொருளுக்காக உருக்கப்பட்டது. இன்று காணப்படுவது பிற்காலத்தில் வெள்ளி பூசிய சுதையாற் செய்யப்பட்டது. திரையும் பொறியும் அண்மைக் காலத்திற் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் இயங்குகின்றன.

எதிர்ப்பக்கத்திலே சவேரியார் பீடம் உளது. 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றத் தொடங்கிய அவரது வலக்கரம் 1614இல் ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்குப் பேணப்படுகின்றது. கீழைத்தேயத்தோடு இவ்வாலயத்துக்குள்ள தொடர்பை இஞ்ஞாசியார் பீடத்துச் சிற்பம் ஒன்றும் காட்டும். விசுவாசம் உருவ வழிபாட்டை வெல்லுவதாகத் தெயொதோன் என்னும் பிரெஞ்சுச் சிற்பி அதனைச் செதுக்கினார். உருவங்கள் வேண்டும் என்று வாதாடிய ஆலயத்திலேயே, பிறர்தம் உருவ வழிபாட்டைப் பழிக்கும் உருவமும் இடம்பெற்றமை சிந்திக்கத்தக்கது. தன் வணக்கம் குறிக்கப்படுபவரைச் சேரும் என்ற திருச்சபை, பிறர் வணக்கத்துக்கும் அந்நியாயம் பொருந்தக்கூடும் என்பதை அச்சலவைக்கல்லில் எழுதவில்லை. கலைத்திறன் உயர்ந்ததாயினும் அதன் கூற்றை ஆராயாது ஏற்றல் கற்றோர்க்குக் கடனன்று.

மற்றொன்றும் கருதற்பாலது. இன்று மண்டபத்தின் சுவர்த்தூண்களில் ஒளிரும் சலவைக்கற்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பதிக்கப்பட்டவை. தலைமைப் பீடமும் அந்நூற்றாண்டினதே. கவுல்லியின் விதானம் திறக்கப்பட்டபோது கீழ்ப்பகுதி இத்துணை மினுக்கம் உடையதாய் இருக்கவில்லை. அடக்கமான சுவர்களினின்று நிமிர்ந்து நோக்கியவர் கண்ணுக்கே அவ்விதானம் வகுக்கப்பட்டது. கீழும் மேலும் ஒருங்கே ஒளிர்வதைக் கண்டு அலங்காரம் மிகையென்று கூறுவோர், இரு காலத்தாரின் செயலை ஒரு காலத்தார்மீது சுமத்துகின்றனர்.

எனவே, பரோக் ஆலயத்தின் வண்ணத்தைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்போர்க்கு அது மிகையாகவே தோன்றும். ஒளிக்கு ஓரிடம், முழுநிறத்துக்கு ஓரிடம், இருளுக்கு ஓரிடம் என வகுத்த ஒழுங்கைக் காண்போர்க்கு அது கட்டமைந்த ஒரு பேருரையாகப் புலப்படும். நல்லுரையைக் கேட்போர் சொல்லழகை வியப்பதோடு அமையாது, பொருளையும் உணர்ந்து, அது தகுமா தகாதா என்றும் ஆராய்வர். வண்ணத்தாலான உரைக்கும் முறை அதுவே.