தீர்ப்பில் "ஏககாலத்தில்" என்ற சொல் இருக்கிறதா?

"இரண்டு பிரிவுகளில் 3 ஆண்டு, 2 ஆண்டு சிறை, தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இப்படித் தண்டனை வந்தால், தாய் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது வீட்டுக்கு வருவான்?" என்பதுதான். அதற்கான விடை பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஏககாலத்தில் என்றால் இரண்டு தண்டனைகளும் ஒரே நாளில் தொடங்கி ஒன்றாகவே கழியும். மேலே சொன்னவர் 3 ஆண்டில் வெளியே வரலாம். ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 5 ஆண்டு.

ஒரே வழக்கில் பல குற்றங்கள் நிரூபிக்கப்பட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, நீதிபதி ஏககாலத்தில் என்று சொல்லாதவரை தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, குற்றத்தின் தன்மையைப் பார்த்து இரண்டில் எது என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது.

தனித்தனி வழக்குகள் என்றால் கதை வேறு. ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு இன்னொரு வழக்கில் தண்டனை கிடைத்தால், முதல் தண்டனை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். அதை மாற்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும் (பழைய பிரிவு 427, புதிய பிரிவு 467). முதல் தண்டனை ஆயுள் தண்டனையாக இருந்தால் மட்டும், அடுத்தது தானாகவே அதனுடன் சேர்ந்து நடக்கும்.

அந்தச் சொல் விடுபட்டால் என்ன ஆகும்? உத்தரப்பிரதேசத்தில் மின்சாரப் பொருள் திருட்டு தொடர்பான 9 வழக்குகளில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றிலும் 2 ஆண்டு சிறை. ஏககாலத்தில் என்ற உத்தரவு இல்லாததால் மொத்தம் 18 ஆண்டு என்று கணக்கிடப்பட்டது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 2022 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, எல்லாத் தண்டனைகளையும் ஏககாலத்தில் நடத்த உத்தரவிட்டது.

இது எல்லோருக்கும் கிடைக்கும் சலுகை அல்ல, நீதிபதியின் விருப்புரிமை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் நீதி வேண்டுமல்லவா? வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களுக்கு எதிராகச் செய்த குற்றங்கள் என்றால் நீதிமன்றம் மறுக்கலாம். ஒரே கொடுக்கல் வாங்கலில் விளைந்தவை என்றால் வாய்ப்பு அதிகம். 2013-இல், ஒருவர் மீதான பல செக் மோசடி வழக்குகளை உச்ச நீதிமன்றம் கடன் வாரியாகப் பிரித்தது. ஒரே கடன் தொடர்பான தண்டனைகள் ஏககாலத்தில், வெவ்வேறு கடன் தொடர்பானவை ஒன்றன்பின் ஒன்றாக என்று தீர்ப்பளித்தது. வியாபாரக் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று: அபராதம் கட்டாததற்காக விதிக்கப்படும் கூடுதல் சிறை, ஏககாலச் சலுகைக்குள் வராது. அதைத் தனியாகவே கழிக்க வேண்டும். எனவே அபராதத்தைக் கட்டிவிடுவதே வழி.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை இவைதான்:

தண்டனையின் அளவு பற்றி நீதிபதி கேட்கும் நேரத்திலேயே, மற்ற வழக்குகளின் விவரத்தைச் சொல்லி ஏககால உத்தரவு கேட்குமாறு வக்கீலிடம் வலியுறுத்துங்கள்.

தீர்ப்பு நகலை வாங்கி அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேல்முறையீட்டில் கேட்கலாம். தென்காசி மாவட்டத்தாருக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். சிறையில் இருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தவறு செய்தவர் அதற்குரிய தண்டனையை அனுபவிக்கட்டும். ஆனால் கேட்காமல் விட்ட ஒரு சொல்லுக்காக, ஒரு தாய் கூடுதலாகப் பல வருடம் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. இந்தத் தகவலை உங்கள் ஜமாஅத்திலும் சொல்லி வையுங்கள்; இன்ஷா அல்லாஹ், யாருக்காவது உதவும்.