எறும்புக்கு எட்டுக் கால்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாமரம் நிற்கிறது. அதில் கெரெங்கா எறும்புகள் இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கின்றன. தமிழில் இதற்கு முசுறு என்று பெயர். கடிப்பதோடு நிற்காமல் கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். ஆகவே மாங்காய் பறிக்க எங்கள் வீட்டில் யாரும் முந்துவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை இந்த எறும்புகளைப் படமெடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஏதோ உறுத்தியது. கால்களை எண்ணினேன். எட்டு இருந்தன.

பூச்சிகளுக்கு ஆறு கால்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் மரத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு சிலந்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்தக் கால்களை எண்ண உதவிய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கேமரா ஒன்றை 600 ரிங்கிட்டுக்கும், அலுமினிய வளையம் ஒன்றை 25 ரிங்கிட்டுக்கும் வாங்கினேன். வில்லைக்குச் செலவே இல்லை. அது அப்பாவுடையது.

அப்பா 1980களில் கிழக்கு ஜெர்மனியில் தயாரான பிராக்டிகா கேமரா ஒன்று வைத்திருந்தார். அதில் 50 மில்லிமீட்டர் பென்டகான் வில்லை. தோட்டத்துக் கல்யாணங்கள், தீமிதித் திருவிழாக்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டு ஆல்பத்துக்கு வந்தன. அவர் காலமான பிறகு அதைத் தோலுறையோடு அலமாரியில் பத்திரமாக வைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. இருட்டு, ஈரம், தோல் மூன்றும் சேர்ந்த இடம் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடித்த இடம். சில ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்து, கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பார்த்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தன.

பழுதுபார்ப்பவர் பூஞ்சணத்தைத் துடைத்து எடுத்தார். தடத்தை எடுக்க முடியவில்லை. பூஞ்சணம் சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிட்டிருந்தது. "இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தம்பி" என்றார். மனம் வரவில்லை.

இங்கே ஒரு கேள்வி. குவிவில்லை ஒன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் என்ன ஆகும்? பாதி பிம்பம்தான் தெரியும் என்று பலர் எழுதுவார்கள். பிம்பம் முழுதாகவே தெரியும், ஒளி மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி வில்லையின் எல்லாப் பகுதிகள் வழியாகவும் சென்று ஒரே இடத்தில் குவிகிறது. அதனால் வில்லையில் உள்ள சிறு கீறலோ தழும்போ படத்தில் கீறலாக விழாது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஒளி சிதறிப் படம் வெளுத்துப்போகும். மற்ற நேரங்களில் அப்பாவின் வில்லை நன்றாகவே வேலை செய்கிறது. பழைய வில்லை வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீறலைக் காட்டி விலை குறைக்கலாம். ஆனால் பூஞ்சணம் வேறு வகை. அது உயிரோடு இருந்தால் மேலும் வளரும்.

இந்த வில்லையை இன்றைய கேமராவில் பொருத்துவது எப்படி? அது 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு இணைப்பு. ஒரு வளையம் போதும் என்று தோன்றும். கொஞ்சம் கணக்கும் வேண்டும். வெகு தொலைவிலுள்ள பொருள் தெளிவாகத் தெரிய 50 மில்லிமீட்டர் வில்லை, ஒளி உணரியிலிருந்து 50 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்காக அந்தத் திருகு இணைப்பு ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டரில் இருக்கும்படி வடிவமைத்தார்கள். கேனன் இஎஃப் கேமராக்களில் இந்த இடைவெளி 44 மில்லிமீட்டர். ஆகவே 1.46 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் போட்டால் கணக்குச் சரியாகிவிடும். நிக்கான் எஃப் கேமராக்களில் இடைவெளி 46.5 மில்லிமீட்டர். வளையமே இல்லாவிட்டாலும் வில்லை ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கும்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். படிவம் நான்கு இயற்பியலில் வரும் 1/f = 1/u + 1/v வாய்பாட்டை எடுங்கள். f 50, v 51 என்று போட்டால் u 2,550 மில்லிமீட்டர் வரும். அதாவது இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. நிலாவும் தெரியாது, வகுப்பறையின் கரும்பலகையும் தெரியாது. என் நண்பர் ஒருவர் இந்தக் கணக்கைப் போடாமல் வளையம் வாங்கிவிட்டு, வில்லை கெட்டுப்போய்விட்டதென்று ஒரு மாதம் புலம்பினார். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சோனியின் இ வகையில் இடைவெளி வெறும் 18 மில்லிமீட்டர்தான். மீதி 27.46 மில்லிமீட்டரை உள்ளே ஒன்றுமில்லாத குழாய் ஒன்று நிரப்பிவிடும்.

இனி எறும்புக்கு வருவோம். அப்பாவின் வில்லை 33 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படமெடுக்கும். அந்தத் தூரத்தில் உருப்பெருக்கம் ஏறக்குறைய 0.23. எட்டு மில்லிமீட்டர் எறும்பின் பிம்பம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. என் கேமராவின் உணரி சுமார் 22 மில்லிமீட்டர் அகலம், அதில் குறுக்கே 6,000 புள்ளிகள். மில்லிமீட்டருக்கு 270 என்று வைத்தால் எறும்புக்குக் கிடைப்பது 500 புள்ளிகள். கால்கள் வெறும் கோடுகளாகத்தான் தெரியும்.

பிம்பம் பொருளின் அளவிலேயே விழ வேண்டுமென்றால் u, v இரண்டும் 100 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். அப்போது எறும்புக்கு 2,100 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். இதற்கென்றே விற்கும் மேக்ரோ வில்லைகள் விலை அதிகம். மலிவான வழி, வில்லையைக் கழற்றித் தலைகீழாக மாட்டுவது. அந்த 25 ரிங்கிட் வளையம் இதற்குத்தான். ஒரு பக்கம் வில்லையின் முன்முனையில் திருகும், மறுபக்கம் கேமராவில் பொருந்தும்.

தலைகீழாக மாட்டினால் என்ன நடக்கிறது? சாதாரண வில்லையைத் தொலைவிலிருந்து ஒளி வந்து அருகிலுள்ள ஃபிலிமில் குவியும்படி செய்திருக்கிறார்கள். இப்போது பொருள் அருகில், உணரி அதைவிடத் தள்ளி. ஆகவே வில்லையையும் திருப்பிவிட்டால், எந்தப் பக்கம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே திரும்பவும் பயன்படுகிறது. ஒளியின் பாதை திரும்பிச் செல்லக்கூடியது என்று படித்திருப்பீர்கள். அதுதான் இங்கே நடக்கிறது. 50 மில்லிமீட்டர் வில்லையைத் திருப்பினால் கிட்டத்தட்ட உண்மை அளவு கிடைத்துவிடும்.

தொல்லைகளும் உண்டு. துளையின் அளவை வில்லையிலுள்ள வளையத்தால் கையால்தான் மாற்ற வேண்டும். இப்படி வளையம் இல்லாத புதிய வில்லைகள் இதற்கு ஒத்துவராது. பின்கண்ணாடி வெளியே திறந்து கிடப்பதால் கிளை உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தொல்லை தெளிவின் ஆழம். துளையை எஃப் 8க்குச் சுருக்கினாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டைதான் தெளிவாக விழும். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும். வில்லையைத் திருகிக்கொண்டிருக்காமல், கேமராவோடு மூச்சைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்து எடுங்கள். அன்று காலை நான் எடுத்த படங்கள் நூற்றுக்கும் மேல். தேறியவை நான்கு.

துளையைச் சுருக்கினால் ஒளி போதாது, ஃபிளாஷ் வேண்டும். அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே மின்னி மறைவதால் எறும்பின் ஓட்டமும் கையின் நடுக்கமும் உறைந்துவிடும். வெறும் ஃபிளாஷ் கடுமையான நிழல் தரும். உருளைக்கிழங்கு வறுவல் டப்பா ஒன்றை வெட்டி, வாயில் வெள்ளைத் தாள் ஒட்டிச் செருகியிருக்கிறேன். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பக்கத்து வீட்டு மாமி நான் எறும்புக்கு மருந்தடிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தார்.

தேறிய நான்கில் ஒன்றில்தான் அந்த எட்டுக் கால்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்புகளைப்போல ஆட்டிக்கொண்டு நின்றது அது. உடலின் முன்பகுதியில் ஓர் இடுக்கம் இருந்ததால், தலையும் மார்பும் தனித்தனிபோலத் தோன்றின. முன்பக்கத்துப் பெரிய கண்கள் இரண்டும் அது குதிக்கும் சிலந்திக் குடும்பம் என்று காட்டிக்கொடுத்தன. கெரெங்காவைப்போல வேடமிடும் இந்தச் சிலந்தியை அறிவியலாளர்கள் மிர்மாப்பிளாட்டா பிளாட்டலியோடிஸ் என்பார்கள். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வரை உண்டு. எறும்பைப் பிடிக்கத்தானே வேடம் என்று நானும் முதலில் நினைத்தேன். கதை வேறு. கடிக்கும் எறும்பைத் தின்ன விரும்பாத பகைவர்களிடமிருந்து தப்பவே இந்த வேடம். எறும்புகளை நெருங்கவே அது அஞ்சுகிறது. ஒன்று வந்தால் விலகி ஓடுகிறது. படத்தைப் பார்த்த பிறகு மறுநாள் மரத்தடியில் நின்று கவனித்தபோது அது எனக்குப் புரிந்தது.

வில்லையை இப்போது தோலுறையில் வைப்பதில்லை. சமையலறையில் பயன்படும் காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி. மானி 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். நம் ஊர்க் காற்றில் அது 80ஐத் தொடுவது சாதாரணம். நீலச் சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் நீரைக் கண்டறியப் பயன்படுத்தும் அதே கோபால்ட் குளோரைடுதான் அந்த நிறம். அது நச்சு, ஆகவே அம்மாவின் அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். ஆரஞ்சு நிற வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தது பெண் சிலந்தி. ஆணின் தாடைகள் முன்னோக்கி நீண்டு, ஓர் எறும்பு வேறெதையோ கவ்விச் செல்வதுபோல இருக்கும். அதை இன்னும் நான் பார்க்கவில்லை. மழை விட்ட காலைகளில், எட்டு மணிக்கு முன், வறுவல் டப்பாவோடு மாமரத்தடியில் நிற்கிறேன்.