உங்களுக்குத் தெரியுமா? கதவுக்கு இந்தப் பக்கம்

2007 ஏப்ரல் 16 காலை 9.40. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நாரிஸ் கட்டடத்து வகுப்பறைகளில் கேட்ட சத்தத்தைப் பலர் துப்பாக்கிச் சத்தம் என்றே நினைக்கவில்லை. பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால், யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். சந்தேகம் தட்டினால் அந்த நொடியே எழுந்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு வகுப்பு கெடும், அவ்வளவுதானே.

அன்று அங்கே உயிரிழந்தவர்களில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு. பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 206-ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மும்பையிலிருந்து மேற்படிப்புக்குப் போன மாணவி ஒருவரும் 204-ஆம் அறையில் இறந்தார். அன்று கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கப் போகும் நாடு என்பதால், இது எங்கோ நடந்த கதை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

அந்த மாடியில் அடுத்தடுத்த அறைகளில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்து பூட்ட வழியில்லை. 205-இல் இருந்தவர்கள் ஆபத்தைப் புரிந்துகொண்ட உடனே கதவைச் சாத்தி, பெரிய மேசையை அதற்கு முட்டுக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தார்கள். கொலையாளி தள்ளிப் பார்த்தான், கதவைத் துளைத்தும் சுட்டான். உள்ளே ஒருவருக்கும் காயமில்லை. 207-இல் முதலிலேயே பலர் சுடப்பட்டிருந்தார்கள். அவன் வெளியே போனதும், காயம்பட்டவர்களும் சேர்ந்து கையாலும் காலாலும் கதவை அணைத்துப் பிடித்தார்கள். திரும்பி வந்தவனால் உள்ளே நுழைய முடியவில்லை. 204-இல் 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, யூத இன அழிப்பிலிருந்து சிறுவயதில் தப்பியவர், தானே கதவை அடைத்துக்கொண்டு நின்றார். மாணவர்கள் பலர் மாடி ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். அவர் தப்பவில்லை. இஸ்ரேலில் அன்றுதான் இன அழிப்பு நினைவு நாள்.

ஆகவே புதுக் கட்டடத்தில் முதல் வகுப்புக்குப் போகும்போதே கதவைப் பாருங்கள். உள்ளே பூட்டு இருக்கிறதா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இன்னொரு வாசல் எங்கே? உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மேசையே பெரிய துணை. வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் கைப்பிடியை இடுப்பு வாராலோ கம்பியாலோ கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். முட்டுக் கொடுத்ததும் கதவுக்கு நேரே நிற்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத சுவரோரம் ஒதுங்குங்கள். ஒரே மூலையில் குவியவும் வேண்டாம்.

எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்? அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. நேரம் தெரியவந்த 64 சம்பவங்களில் 44, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. காவல்துறை எவ்வளவு விரைந்தாலும் முதல் சில நிமிடங்கள் நம் கையில்தான். நாரிஸ் கட்டடத்துக்குப் போலீஸார் அழைப்பு வந்த மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். ஆனால் கொலையாளி வாசல்களைச் சங்கிலியால் பூட்டியிருந்ததால் உள்ளே நுழைய இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

'ஓடு, ஒளி, எதிர்' என்ற வரிசை அமெரிக்க வளாகங்களில் இன்று பழகிப்போன பாடம். ஹூஸ்டன் நகரம் 2012-இல் வெளியிட்ட காணொளி அதைப் பரப்பியது. வழி இருந்தால் ஓடுங்கள். பை, மடிக்கணினி எதையும் எடுக்க நிற்காதீர்கள். வழி இல்லையென்றால்தான் ஒளிவது. எதிர்ப்பது, அவன் கண்ணெதிரே வந்துவிட்ட பிறகு, வேறு எதுவும் மிஞ்சாதபோது. தனியாக அல்ல, எல்லாரும் சேர்ந்து, கையில் கிடைத்ததைக் கொண்டு.

தீ எச்சரிக்கை மணி அடித்தால்? 2018-இல் அமெரிக்காவின் பார்க்லேண்ட் நகரப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடே மணியை அடிக்க வைத்தது. தீ என்று நினைத்து மாணவர்கள் நடைவழிக்கு வந்தார்கள். சுடும் சத்தம் கேட்ட கட்டடத்தில் புகையோ தீயோ தெரியாதவரை மணியை மட்டும் நம்பிக் கதவைத் திறக்க வேண்டாம்.

வர்ஜீனியா டெக்கில் முதல் கொலைகள் காலை 7.15 வாக்கில் மாணவர் விடுதியில் நடந்துவிட்டன. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்று 2008-இல் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று எச்சரிக்கை கைபேசிக்கே வருகிறது, எண் பதிவாகியிருந்தால். அமெரிக்கா போய் புது சிம் வாங்கிய அன்றே அந்த எண்ணைப் பல்கலைக்கழகத்தில் பதிந்துவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: கட்டடம், மாடி, அறை எண். அழைப்பு பாதியில் அறுந்தாலும் அந்த விவரம் போய்ச் சேர்ந்திருக்கும். பேச முடியாவிட்டால் அழைப்பைத் துண்டிக்காமல் வையுங்கள். 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி பல ஊர்களில் உண்டு, எல்லா ஊரிலும் இல்லை. ஒளிந்திருக்கும்போது கைபேசியின் அதிர்வையும் நிறுத்துங்கள். மேசைமேல் அது போடும் சத்தம் போதும், காட்டிக்கொடுக்க. ஊரில் இருக்கும் பெற்றோரும் அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப அழைக்காமல் ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி. கேட்கவே கொடுமையாக இருக்கிறது, தெரியும்.

போலீஸார் உள்ளே வந்தால் அவர்களுக்கு யார் யாரென்று தெரியாது. கைகளை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டுங்கள். கையில் கைபேசிகூட வேண்டாம். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. முதலில் வருபவர்கள் காயம்பட்டவர்களைத் தாண்டிப் போவார்கள். மனசாட்சி இல்லாமல் அல்ல. சுடுபவனை நிறுத்துவதுதான் அவர்களுடைய முதல் வேலை.

அதனால்தான் இரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். நாரிஸ் கட்டடத்தில் தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுபட்ட மாணவர் ஒருவர் ஒரு மின்கம்பியை எடுத்துத் தன் காலைத் தானே கட்டிக்கொண்டார். சாரணர் பயிற்சியில் கற்றது அது. அவர் பிழைத்தார்.