நனைந்த வெடிமருந்தும் ஆலை மருத்துவரின் மூக்கும்

அரியலூர் மாவட்டம் விரகாலூரில் 2023 அக்டோபர் 9 அன்று நாட்டு வெடி ஆலை வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் வழக்கமாக எழும் குரல் பேரிடர்ப் பயிற்சி வேண்டும் என்பதாகும். ஆனால் சங்கு ஊதி, ஒருவரைத் தூக்குப்படுக்கையில் சுமந்து, சான்றிதழ் கொடுத்து முடியும் ஒத்திகைகள், தீயணைப்புத் துறைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே ஆலையின் தொழில்நல மருத்துவருக்கும் கற்பிக்கின்றன. எந்த அறையில் எந்தப் பொருள் என்ன நிலையில் இருந்தது என்னும் அறிவே அவருக்குரிய தனித்திறன்.

அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் கலந்த வெடிமருந்தை எடுத்துக்கொள்ளலாம். உலோகத் துகள் ஒவ்வொன்றையும் மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்திக் காக்கிறது. மருந்து நனைந்தால், அலுமினியம் நைட்ரேட்டோடு வினைபுரிந்து அம்மோனியாவை உண்டாக்கும். அம்மோனியா கரைந்த ஈரம் காரமாகும். காரம் அந்தக் காவல் படலத்தையே அரித்துவிடும். புதிய உலோகம் வெளிப்பட வெளிப்பட வினை மேலும் விரையும். தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளும் இந்தச் சுழலைச் சிறிதளவு போரிக் அமிலம், காரம் ஏறவிடாமல் செய்து, தடுத்துவிடுகிறது.

மழையில் நனைந்த வைக்கோற்போர் மேலே குளிர்ந்தும் உள்ளே கொதித்தும் கிடப்பதைப் போன்றது நனைந்த மருந்துக் குவியல் சூடேறுவது; ஆனால் போருக்குள் உழவர் கையை விட்டுச் சூடு பார்க்கலாம், சூடு மிகுந்தால் அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளே மடியலாம், போரைப் பிரித்து ஆற்றலாம். மருந்துக் குவியலில் இம்மூன்றுக்கும் இடமில்லை. அங்கே முதலில் எச்சரிப்பது அம்மோனியா நெடியே. அதை உணர்ந்தவர் கிளறாமல், நீர் தெளிக்காமல், ஆட்களை அப்புறப்படுத்தவேண்டும். விரகாலூரில் இதுவே நிகழ்ந்தது என்று கொள்வதற்கில்லை. உராய்வில் எழும் ஒரு பொறியும் வெடிப்புக்குப் போதும்.

வரலாறு வேண்டுவோருக்கு 1984இன் போபால் நச்சுவாயுக் கசிவு போதும்: கசிந்த வாயுவின் நச்சியல்பு தெரியாமலேயே மருத்துவர்கள் அன்றிரவு சிகிச்சை அளித்தனர். அதன் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது.

வெடித்த பின்னும் அறையையும் பொருளையும் பற்றிய இவ்வறிவுக்கு வேலை உண்டு. மூடிய அறையில் வெடியலை சுவர்களில் மோதித் திரும்புவதால், வெளிக்காயமின்றி நடந்து வருபவரின் நுரையீரலும் சிதைந்திருக்கக்கூடும்; செவிப்பறை கிழியவில்லை என்பது அதற்கு உத்தரவாதம் அன்று. வெடிப்புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடோ நீரில் எளிதில் கரையாததால் தொண்டையை அதிகம் உறுத்தாமல் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று, பல மணி நேரம் கழித்தே அங்கு நீர் கோக்கச் செய்யும்.

ஆயிரம் பேருக்குக் குறையாத ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கு அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் போன்ற பெரிய ஆலைகளை நோக்கியதாக இருந்தது; சில பத்துப் பேர் வேலை பார்க்கும் வெடிக் கொட்டகைக்கோ அண்டைப் பெரம்பலூரின் கல்குவாரிக்கோ அது பொருந்தவில்லை. ஆகவே சிமெண்ட் ஆலையின் மருத்துவர் அண்டைக் கொட்டகைகளின் அறை வரைபடத்தையும் இருப்புப் பட்டியலையும் முன்கூட்டியே பெற்று வைத்திருந்தால்தான், எவர் எந்த அறையில், எதனருகே இருந்தார் என்ற குறிப்பு ஒவ்வொரு காயம்பட்டவருடனும் மருத்துவமனைக்குப் போய்ச்சேரும்.