ஃபிளானன் தீவில் கழுவி வைத்த பாத்திரங்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கே, லூயிஸ் தீவையும் தாண்டி அட்லாண்டிக்கில் கிடக்கிறது எலன் மோர் என்ற பாறைத்தீவு. ஃபிளானன் தீவுக்கூட்டத்தில் இதுவே பெரியது. டேவிட் ஆலன் ஸ்டீவன்சன் வடிவமைத்த கலங்கரை விளக்கம் அங்கே 1899 டிசம்பர் 7 அன்று முதன்முதலாக எரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே ஜேம்ஸ் டூகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மக்ஆர்தர் என்ற அதன் காவலர்கள் மூவரும் காணாமல் போனார்கள். அன்றிலிருந்து பேய், கொலை, சித்தப்பிரமை என்று கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் காவலரின் வேலை என்னவென்று தெரிந்தால் இதில் பெரிய மர்மம் எதுவும் மிஞ்சாது.

விளக்கைப் பார்த்துக்கொள்வது அந்த வேலையில் ஒரு பாதிதான். இரவு முழுக்க முறைவைத்து விழித்திருக்க வேண்டும். விடிந்ததும் விளக்கைத் துடைத்து எண்ணெய் நிரப்ப வேண்டும். மறுபாதி கடலோடு மல்லுக்கட்டுவது: எண்ணெயும் உணவும் வந்திறங்கும் படகுத்துறையையும் அங்குள்ள கயிறுகளையும் காப்பது. டிசம்பர் 26 அன்று ஹெஸ்பரஸ் கப்பல் வந்தபோது விளக்கு துடைத்து எண்ணெய் நிரப்பித் தயாராக இருந்தது. பாத்திரங்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. சிலேட்டில் கடைசிக் குறிப்பு 15ஆம் தேதி காலை 9 மணிக்கு எழுதியது. அன்றிரவு அவ்வழியே போன ஆர்க்டர் கப்பல் வெளிச்சத்தைக் காணவில்லை. ஆக, காலை வேலைகளை முடித்தவர்கள் இருட்டுவதற்குள் போய்விட்டார்கள். தொடாமல் விட்ட உணவு, கவிழ்ந்த நாற்காலி என்பதெல்லாம் வில்ஃபிரிட் கிப்சனின் 1912ஆம் ஆண்டுக் கவிதை சேர்த்த சரக்கு.

மேற்குத் துறையில் கடல்மட்டத்துக்கு 33 மீட்டர் மேலே கயிறுகள் வைத்திருந்த பெட்டி உடைந்து, உள்ளிருந்தவை சிதறிக் கிடந்தன. இரும்புக் கம்பிகள் வளைந்திருந்தன. விசாரித்த மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட், அந்தப் பொருட்களைப் பத்திரப்படுத்தப் போனவர்களை அலை அடித்துச் சென்றது என்று முடிவு செய்தார். அலை அவ்வளவு உயரம் எழுமா என்று கேட்கலாம். திறந்த கடலில் அது மிக அரிது. குறுகிய பாறை இடுக்குக்குள் நெருக்கப்படும் நீர் செங்குத்தாகச் சீறும், பெட்டியே அதற்குச் சாட்சி. ஒருவர் எப்போதும் விளக்கருகே இருக்க வேண்டுமென்ற விதி இருந்ததே என்பது இதைவிட வலுவான மறுப்பு. டூகாட்டின் மழைக்கோட்டும் மார்ஷலுடையதும் அங்கே இல்லை, மக்ஆர்தருடையது மட்டும் மாட்டியபடியே இருந்தது. இருவர் ஆயத்தமாகப் போயிருக்கிறார்கள், மூன்றாமவர் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். துணைக்கோ, எச்சரிக்கவோ, எதற்கென்றாலும் அந்த நேரத்தில் விதியை நினைத்துக்கொண்டு நிற்பவர் அரிது.

1971 செப்டம்பர் 28 அன்று விளக்கு தானியங்கியானது. அதன்பின் எலன் மோரில் காவலர்கள் யாரும் குடியிருக்கவில்லை.